முந்தானையில் முடிந்த ஃபியூஸ்

மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு வியாபாரி வீட்டில் நான் சமையல் செய்துவந்தபோது, குளியலறையில் வெந்நீர்க் குழாயைத் தொட்டாலே கரண்ட் அடித்தது. கீஸர் பார்க்க ஒருவர் வந்தார். ஒல்லியான உடம்பு, காதில் செருகிய டெஸ்டர். ரப்பர் செருப்பை மட்டும் கழற்ற மாட்டேன் என்றார்.

மெயின் ஃபியூஸைப் பிடுங்கினார். கூடத்தில் இருந்த அத்தனை பேரையும் விட்டுவிட்டு என்னிடம் நீட்டினார்.

"அக்கா, நான் வந்து கேக்கற வரைக்கும் ஆருக்கும் கொடுக்கண்டா. என் உசிராக்கும் இது."

நான் அதை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

ஃபேன் நின்ற புழுக்கத்தில் முதலாளியம்மா வந்துவிட்டார். "எத்தர நேரம்! அத இங்க குடு, நான் போட்டுக்கறேன்."

அவர் எதிரில் தலை நிமிர்ந்தும் பேசாதவள் நான். "தர மாட்டேன் அம்மா. உள்ள ஆள் இருக்கார்," என்றேன்.

"ஓகோ, இனி நீதான் இங்க கரண்ட் ஆபீஸோ?"

நான் முடிச்சை விடவில்லை.

வேலை முடிந்து கீஸர்காரர் வெளியே வந்தார். "எர்த் கம்பி அறுந்திருந்தது, சரியாக்கிட்டேன். ஃபியூஸ கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"கேப்பாங்கன்னு தெரியும். அதான் உங்க கையில கொடுத்தேன்."

அதுவரை யாரிடமும் 'மாட்டேன்' என்று சொல்லியிராத என்னை அவர் எப்படி நம்பினாரோ, இன்றும் எனக்குப் புரியவில்லை.