சுவரில் எட்டு, பையில் ஒன்பது

யுத்தத்துக்காக சர்க்கார் கடிகாரங்களையெல்லாம் ஒரு மணி நேரம் கூட்டி வைக்கச் சொன்ன காலம். ஸ்ரீரங்கத்தில் கமலவல்லி வீட்டுச் சுவர்க் கடிகாரம் மட்டும் பழைய மணியிலேயே ஓடியது. "வேதா மணி பாக்கக் கத்துண்டிருக்கா, இப்போ அதைத் தொடாதே" என்று சொன்னவரே அவள் கணவர் யதிராஜன்தான். அவருடைய ஆபீஸோ புது மணிக்கு. அதற்காகக் கமலவல்லி தினமும் ஒரு மணி நேரம் முன்னதாகவே எழுந்து அடுப்பு மூட்டித் தளிகை செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் சிநேகிதர் ஒருவர் வந்திருந்தார். யதிராஜன் பெருமையாக மகளைக் கூப்பிட்டு மணி கேட்டார். ஐந்து வயது வேதா சுவரை அண்ணாந்து பார்த்து, "எட்டு" என்றாள். அவர் சட்டைப்பைக் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். ஒன்பது.

"மக்கு! மானத்தை வாங்கறியே!" நறுக்கென்று ஒரு குட்டு விழுந்தது.

கமலவல்லி கரண்டியும் கையுமாக வந்து நின்றாள். வந்தவர் இருக்கிறாரே என்றுகூடப் பார்க்கவில்லை.

"சுவத்துல எட்டுதானே இருக்கு? அதைத் தொடாதேன்னு சொன்னது யாரு? உங்க பைக்குள்ள இருக்கற மணி கொழந்தைக்கு எப்படித் தெரியும்?"

"சர்க்கார் மணிதாண்டி மணி" என்று முனகினார்.

"அப்போ சர்க்காரே வந்து தளிகை பண்ணட்டும். நாளைலேர்ந்து இவ பாக்கற மணிதான் என் அடுப்புக்கு. ஒன்பதுக்கு இலை போடுவேன்."

மறுநாள் ஆபீஸுக்குக் கிளம்பும் நேரம் தாண்டியும் யதிராஜன் பசியோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். வேதா சுவரைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"எட்டரைதாம்பா ஆறது."