மூன்றாம் ஓலை

ஜெபசுதா இறால் கம்பெனியில் எனக்குப் பக்கத்தில் நின்று தோல் உரிப்பவள். ஆறு வருஷமாக ஐஸ் தண்ணீரில் விரல் வெளுத்துப்போன பிள்ளை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் கிளாட்வினுக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பெயர் சொல்லி ஓலை வாசிப்பார்கள். தடை இருந்தால் யாரும் சொல்லலாம். இரண்டு ஓலை முடிந்துவிட்டது.

வியாழன் காலையில் வேலைக்கு நடுவே அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான்தான் ஆட்டோவில் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அவள் அம்மா செல்லக்கனி கதவைச் சாத்தினாள்.

"ஏளா, உள்ளதச் சொல்லு. எத்தன மாசம்?"

ஜெபசுதா இல்லையென்று தலையை ஆட்டினாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் மாப்பிள்ளையின் அம்மா கிருபாபாய்க்குத் தெரிந்துவிடும் என்று, செல்லக்கனி சீரகத் தண்ணீர் கொடுத்துப் படுக்கவைத்தாள். எனக்கும் அதே சந்தேகம்தான். வற்புறுத்திக் கூட்டிப்போகாமல் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன். கர்த்தர் என்னை மன்னிக்கட்டும்.

மத்தியானம் தோள்பட்டை வலிக்கிறது என்றாள். உதட்டில் ரத்தமே இல்லை. எழுந்தவள் அப்படியே சரிந்தாள்.

ஆஸ்பத்திரியில் முதலில் சிறுநீரைச் சோதித்தார்கள், கர்ப்பம் இல்லை. ஸ்கேனில், சினைப்பையில் இருந்த நீர்க்கட்டி உடைந்து வயிறு முழுக்க ரத்தம். வயிற்றைத் திறந்து ரத்தத்தை எடுத்து, அந்தப் பக்கத்துச் சினைப்பையையும் எடுத்தார்கள். காலையிலேயே வந்திருந்தால் அதைக் காப்பாற்றியிருக்கலாம், மற்றது நன்றாக இருக்கிறது, பிள்ளை பெறத் தடையில்லை என்றார் டாக்டரம்மா. மூன்று பாட்டில் ரத்தம் ஏறியது. அதில் ஒன்று, சேதி கேட்டு ஓடிவந்த கிளாட்வின் கொடுத்தது.

கதவைச் சாத்திவைத்த கதை அதற்குள் கிருபாபாய் காதுக்குப் போய்விட்டது. சனிக்கிழமை, கர்ப்பம் இல்லை என்ற ஆஸ்பத்திரித் தாளை எடுத்துக்கொண்டு செல்லக்கனி கிருபாபாய் வீட்டுக்குப் போனாள். நானும் போனேன். கிருபாபாய் கண்ணாடி போட்டு நிதானமாக வாசித்தாள். நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"டாக்டர் சொல்லுதது இருக்கட்டும், மைனி. பெத்த தாய் நீங்களே நம்பாமத்தான மத்தியானம் வரைக்கும் கதவச் சாத்தி வச்சிருந்திய?"

செல்லக்கனி தாளை முந்தானையில் முடிந்துகொண்டாள். கிளாட்வின் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"எம்பிள்ள ரத்தம் குடுத்தாச்சு. அதோட முடிஞ்சுது" என்றாள் கிருபாபாய். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

ஞாயிறு ஆராதனை முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஜெபசுதா கட்டிலில் சாய்ந்திருந்தாள். செல்லக்கனி கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"ஓல வாசிச்சாவளா, அத்த?"

வேறு இரண்டு ஜோடிக்கு வாசித்தார்கள் என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள்.

"நீ கேட்டப்ப நான் இல்லன்னுதானம்மா தலைய ஆட்டுனேன்?"

செல்லக்கனி கஞ்சியை ஆற்றிக்கொண்டே இருந்தாள்.