கால் எடுக்காதே

என் தங்கை கனடாவில் கார் ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போவாள். நான் கிழக்குத் தாம்பரத்தில் உட்கார்ந்துகொண்டு அவளுக்கு வழித்துணையாகப் போவேன். அவளுக்கு அது விடிகாலை, எனக்கு டீ நேரம். காரின் ஸ்பீக்கரில் என் குரல் வரும். அவள் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பேசுவாள். பேசுவாள் என்பதெல்லாம் ஒரு பேச்சுக்குத்தான். முக்கால்வாசி நான்தான் பேசுவேன்.

அவள் கணவர் இறந்த பிறகு தொடங்கிய பழக்கம் இது. அவர் இருந்தவரை வண்டியை அவர்தான் ஓட்டினார். இவள் பக்கத்து சீட்டில் தூங்கிக்கொண்டு போவாள், இவளுடைய லைசென்ஸ் பர்ஸில் தூங்கிக்கொண்டு போகும். போன கோடையில் திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. ஒரு சின்ன வீடும், பெட்ரோலிலும் பேட்டரியிலும் மாறி மாறி ஓடும் ஒரு ஹைபிரிட் காரும் அவளோடு மிஞ்சின.

"கிளம்பி வந்துடுடி. மாடி போர்ஷன் உனக்குத்தான்" என்றேன்.

"ஒரு வின்டர் பாக்கறேன்க்கா. தனியா வண்டி எடுத்துட்டு வேலைக்குப் போக முடியுதான்னு பாக்கறேன். முடியலேன்னா வந்துடறேன்."

ஆஸ்பத்திரி லேப் ஒன்றில் அவளுக்கு வேலை. அந்தப் பக்கம் பஸ் கிடையாது. கார் ஓட்டினால் வேலை உண்டு, வேலை இருந்தால் அங்கே இருக்கலாம். பனியில் ஓட்ட முடியாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

இதில் நான் எந்தக் கட்சி என்று ஒளித்துப் பேசப் போவதில்லை. நான் பனியின் கட்சி. மாடிக்கு வெள்ளையடித்தேன், புது கீசர் மாட்டினேன். காட்டாங்குளத்தூர் காலேஜில் வேலை பார்க்கும் ஒரு தம்பதி இரண்டு தடவை வந்து வாடகைக்குக் கேட்டார்கள். "தங்கச்சி வரா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அவள் தனியாக வண்டியை எடுத்த முதல் நாள் நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் வீட்டில் ஜெபம் பண்ணாமல் யாரும் வண்டியை எடுக்க மாட்டோம். நான் இங்கிருந்து ஜெபிக்க, அவள் அங்கிருந்து ஆமென் சொல்லிப் பொத்தானை அழுத்தினாள். ஒரு சத்தமும் இல்லை. மறுபடி அழுத்தினாள். அப்போதும் இல்லை. "பேட்டரி போயிடுச்சுடி" என்று நான் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, அந்த வண்டி முதல் அழுத்தலிலேயே தயாராகிவிட்டதாம். பேட்டரியில் நகரும்போது சத்தமே வராதாம். இரண்டாவது தடவை அழுத்தி நாங்கள்தான் அணைத்திருக்கிறோம். ஜெபம் கேட்கப்பட்டது, எங்களுக்குத்தான் கேட்கவில்லை என்று அவள் சிரித்தாள். அவர் போன பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

எனக்குச் சத்தமில்லாத வண்டி மேல் நம்பிக்கை வரவில்லை. நான் தாம்பரத்தில் ஓட்டக் கற்றவள். மழைக்காலத்தில் முடிச்சூர் ரோட்டில் ஓட்டியவர்களுக்கு ஒரு பாடம் தலைகீழாகத் தெரியும். தண்ணீரில் இறங்கிவிட்டால் முதல் கியர், ஆக்ஸிலேட்டரிலிருந்து கால் எடுக்கவே கூடாது. எடுத்தால் சைலன்சருக்குள் தண்ணீர் ஏறிவிடும். வண்டி நின்றுபோனால் திரும்ப ஸ்டார்ட் செய்யவும் கூடாது, செய்தால் இன்ஜின் போய்விடும். இறங்கித் தள்ள வேண்டியதுதான். இன்ஜின் உறுமிக்கொண்டே இருந்தால் பிழைத்தோம் என்று அர்த்தம்.

கார்த்திகையில் இங்கே புயல் மழை பிடித்த அதே வாரம் அங்கே முதல் பனி கொட்டியது. அன்று மதியம்தான் நான் மார்க்கெட்டிலிருந்து முழங்கால் தண்ணீரில் என் பழைய காரை ஓட்டிக்கொண்டு வந்திருந்தேன். நடுவில் இரண்டு புதுக் கார்கள் நின்றுபோய்க் கிடந்தன. என் வண்டி நிற்கவில்லை. அந்தத் தெனாவட்டு இறங்குவதற்குள் தங்கையின் போன் வந்துவிட்டது.

"அக்கா, வாசல்லயே மாட்டிக்கிட்டேன்."

பனி தள்ளும் வண்டி தெருவைச் சுத்தம் செய்துவிட்டு, தள்ளியதையெல்லாம் அவள் வீட்டு வாசலில் கரையாகக் குவித்துவிட்டுப் போயிருக்கிறது. நம் ஊரில் கால்வாய் தூர் வாரி நம் கேட்டுக்கு நேரே கொட்டிவிட்டுப் போவார்களே, அது மாதிரி. அதன் மேல் ஏற்றிவிடலாம் என்று பார்த்திருக்கிறாள். முன்சக்கரம் உள்ளே இறங்கிவிட்டது.

"கால எடுக்காதே! மிதி! நல்லா மிதி!" என்றேன்.

அவள் மிதித்தாள். சக்கரம் வீர்ரென்று சுற்றுவது எனக்குக் கேட்டது. எனக்கு அது பழகிய சத்தம், நல்ல சத்தம்.

"அக்கா, இன்னும் கீழ போகுது."

"போனா போகட்டும், கால மட்டும் எடுக்காதே!"

வழவழத்த பனியில் சக்கரம் வேகமாகச் சுற்றினால் குழிதான் ஆழமாகும் என்பது எனக்கு எங்கே தெரியும்? மிதிக்க மிதிக்க வண்டி தனக்குத்தானே பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தது. திடீரென்று அவள் காலை எடுத்துவிட்டாள். சக்கரச் சத்தம் நின்றது. கொஞ்சம் பொறுத்து இன்ஜினும் அடங்கிவிட்டது.

"போச்சு. நின்னுடுச்சா? திரும்ப ஸ்டார்ட் பண்ணிடாதே!"

"நிக்கலேக்கா. இந்த வண்டி அப்படித்தான். வேணாங்கறப்போ இன்ஜின் தானா அடங்கிடும்."

அதைக் காதில் வாங்கவா எனக்குத் தோன்றியது? "லீவு சொல்லிடு. இதெல்லாம் உன்னால ஆகாதுடி. டிக்கெட் போட்டுடலாம்" என்று ஆரம்பித்தேன். கவலையாகத்தான் சொன்னேன். ஆனால் கவலைக்கு அடியில் ஒரு குதூகலம் இருந்தது. வந்துவிடுவாள், இனி தனியாகக் கிடக்க மாட்டாள், நானும்தான்.

"அக்கா" என்றாள். கோபமே இல்லாத குரல். "நீ கொஞ்ச நேரம் பேசாம இரேன்."

ஐம்பது வயதைத் தாண்டிய என் தங்கை அதுவரை என்னை அப்படிச் சொன்னதில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

கார்க் கதவு திறந்தது. காற்று இரைந்தது. சரக், சரக் என்று மண்வாரியால் பனியை வாரும் சத்தம் தூரத்தில் கேட்டது, நிற்கும், மறுபடி கேட்கும். குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் அவளுக்கு. அது எனக்குத் தெரியும் என்பதால் ஒவ்வொரு சரக்குக்கும் எனக்கு வலித்தது. பிறகு காருக்குள் கிடந்த ரப்பர் கால்மிதியை உருவும் சத்தம். கதவைச் சாத்தினாள். மூச்சு வாங்கினாள்.

அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. இங்கே மழை பெய்துகொண்டிருந்தது, தெருத் தண்ணீரில் தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. அங்கே மெல்ல ஒரு ஆமென் கேட்டது. அன்று என் ஜெபத்துக்கு அவள் காத்திருக்கவில்லை.

மறுபடி ஒன்றுமே இல்லை. இன்ஜின் இல்லை, உறுமல் இல்லை. இன்னும் குழிக்குள்தான் உட்கார்ந்திருக்கிறாள், அழுகிறாளோ என்னவோ என்று நினைத்தேன். பேசாமல் இரு என்று சொன்னவளிடம் எப்படிக் கேட்பது? டீ ஆறிப்போய் ஆடை கட்டியது.

டிக், டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம் வந்தது.

"என்னடி அது?"

"இண்டிகேட்டர்க்கா. தெரு முனைக்கு வந்துட்டேன். ரைட்ல திரும்பணும்."

"எப்படி வந்தே? சத்தமே கேக்கலியே?"

"சக்கரத்துக்கு முன்னாடி தோண்டி அந்தக் கால்மிதிய போட்டேன். கால வச்சும் வைக்காம விட்டேன், பேட்டரிலயே மெதுவா ஊர்ந்து வெளிய வந்துடுச்சு. அவர் அப்படித்தான் எடுப்பாரு. நான் தூங்கறதா நெனச்சிட்டிருப்பாரு, பாத்துட்டுதான் இருப்பேன்."

என் தங்கையை நினைத்து அவ்வளவு பெருமையாக இருந்தது, அவ்வளவு அழுகையாகவும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் மனுஷி என்ன செய்வாள்? "பாத்துப் போ" என்று மட்டும் சொன்னேன்.

"நீ பேசுக்கா. இப்ப பேசலாம்" என்றாள்.

ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை மழையைப் பற்றியும் மார்க்கெட்டில் தக்காளி விற்கிற விலையைப் பற்றியும் பேசினேன். டிக்கெட்டைப் பற்றிப் பேசவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு அந்தக் காட்டாங்குளத்தூர் தம்பதிக்குப் போன் செய்தேன். மாடி காலியாகத்தான் இருக்கிறது, வந்து பாருங்கள் என்றேன். கீசர் புதுசு, இன்னும் யாரும் போட்டதே இல்லை என்றும் சொன்னேன்.