அப்பா முகர்ந்து பார்த்த சிலிண்டர்

இரும்புலியூரில் எங்கள் வாடகை வீட்டுக்கு கேஸ் அடுப்பு வந்த வருஷம் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. சிலிண்டரை மாட்டிக் கொடுத்தவர், அழுகின முட்டைக்கோஸ் மாதிரி நாற்றம் வந்தால் நெருப்பே பற்றவைக்கக் கூடாது, ஸ்விட்சைக்கூடத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா அதை ஒரு தரம் கேட்டாள். எனக்கு அது தினமும் கேட்டது. தூக்கத்திலும் மூக்கு மட்டும் விழித்துக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் காலையில் அந்த நாற்றம் வந்தேவிட்டது.

மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் நாற்றத்துக்குக் குறைவே இல்லை. கொடியில் காயாத துணி, ஊறிப்போன கால்மிதி சாக்கு, பாத்ரூம் குழியிலிருந்து எதிர்த்து வரும் சாக்கடை. அம்மா சாக்கைத் தூக்கி வெளியே எறிந்தாள். குழியைச் செங்கல் வைத்து அடைத்தாள். நாற்றம் அடுப்படியை விட்டு நகரவில்லை. பக்கத்துப் போர்ஷன் அக்கா வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“இன்னாக்கா இது, எலி கிலி செத்துகினு கீதா?”

“எலி இல்லடி. கேஸு.”

அடுத்த நிமிஷம் அக்கா அங்கே இல்லை. இரண்டு போர்ஷனுக்கும் சுவர் ஒன்றுதான் என்பதால் அவர்கள் அடுப்பும் அணைந்தது.

அம்மா சிலிண்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்து வைத்தாள். சாரல் உள்ளே அடித்தது. தெருவில் முழங்கால் தண்ணீர், ஆள் கூப்பிட வழியில்லை. கேஸ் வந்த ஜோரில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வைச் சித்திக்குக் கொடுத்திருந்தோம். கைக்குழந்தையான தம்பிக்குக் காய்ச்சல் வேறு. பால் காய்ச்ச முடியாமல், அவன் பகலெல்லாம் கத்திக் கத்திச் சாயங்காலம் கத்தவும் தெம்பில்லாமல் கிடந்தான்.

அப்போதுதான் அப்பா வேலையிலிருந்து வந்தார். குரோம்பேட்டைப் பக்கம் ஒரு தோல் ஷெட்டில், ஊறல் தொட்டியிலிருந்து தோலைத் தூக்கிப்போடுகிற வேலை அவருக்கு. விஷயத்தைக் கேட்டதும் நேரே அடுப்படிக்கு நடந்தார். அம்மா குறுக்கே நின்றாள்.

“நீங்க மோந்து பாத்து இன்னா ஆவப்போவுது?”

அப்பாவிடம் அவள் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவர் அவளைச் சுற்றிக்கொண்டு போய் சிலிண்டர் அருகே குனிந்து, கண்ணை மூடி, வெகுநேரம் முகர்ந்தார். நிமிர்ந்தவர் சிலிண்டரைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், அம்மா முகத்தைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார்.

“ஒண்ணும் இல்ல. பசங்கள இட்டுகினு கேட்டாண்ட போய் நில்லு.”

“ஒண்ணும் இல்லன்னா நாங்க ஏம்ப்பா மழையில நிக்கணும்?”

“சொன்னதச் செய்.”

பக்கத்துப் போர்ஷன்காரர்களையும் வெளியே வரச்சொன்னார். ஒரே குடைக்குள் ஒண்டிக்கொண்டு நின்றோம். ஜன்னல் வழியாக, சிலிண்டரைத் திறந்துவிட்டு நிமிரும் அவர் முதுகு தெரிந்தது. தீப்பெட்டி நமத்துப்போயிருந்தது. ஒரு குச்சியை உரசினார், பற்றவில்லை. அதைக் கீழே போட்டு இன்னொன்றை எடுத்தார். அம்மா என் மணிக்கட்டை நெரித்தாள். மூன்றாவதோ நான்காவதோ பற்றியது. அடுப்பில் நீலமாக வளையம் எழுந்தது.

மறுநாள் பெருக்குவதற்காக சிலிண்டரை நகர்த்தியபோது, மழைக்கென்று வாங்கி வைத்த உருளைக்கிழங்கு மூட்டை சுவரின் ஓதத்தில் கூழாகிக் கிடந்தது. “கெழங்குக்காக எங்கள தெருவுல நிக்க வச்சியே, கில்லாடிக்கா நீ” என்று பக்கத்து அக்கா கேலி செய்தாள். எல்லோரும் சிரித்தோம். கேஸ் இல்லை என்று அப்பா முகர்ந்ததுமே கண்டுபிடித்துவிட்டார் என்று நான் பள்ளிக்கூடத்தில் பெருமையடித்தேன்.

நான் படிப்பை விட்டு வீட்டோடு நின்ற பிறகு ஒரு மத்தியானம், அடுப்பில் பால் தீய்ந்து வீடெல்லாம் வாடை அடித்தது. அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அப்பா நிதானமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். “தீயுதுப்பா” என்றேன். “அப்படியா” என்று நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். தோல் ஷெட்டின் அந்தத் தொட்டிகள் அவர் மோப்பத்தை எப்போதோ தின்றுவிட்டிருந்தன. அது அம்மாவுக்கு அன்றைக்கே தெரியும்.

அன்றைக்கு ஜன்னலுக்குள் அவர் குச்சி மேல் குச்சியாக உரசியபோது, நான் கேட்டருகே நனைந்துகொண்டு, அப்பா ஏன் இத்தனை மெதுவாக உரசுகிறார் என்று அலுத்துக்கொண்டிருந்தேன்.