மங்கை கேட்காமல் விட்ட கேள்வி

ஒத்தக்கடைக் கிளினிக்கில் இருந்தபோது செய்தி வந்தது. டாக்டர் மங்கையர்க்கரசி போய்விட்டார். நானும் அவரும் ஒரே மருத்துவமனையில் எண்டோஸ்கோபி பார்த்தவர்கள். போனை வைத்த பிறகு அடுத்த நோயாளியைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன்.

இதைப் படிக்கிற, மங்கையோடு வேலை பார்த்த உங்களுக்கு அந்த பரோட்டா மாஸ்டரை நினைவிருக்கும். பெயரும் ஊரும் வேண்டாம். தண்ணீர்கூட இறங்காமல், புற்றுநோய் என்றே முடிவுகட்டிக்கொண்டு அண்ணனோடு வந்தார். குழாயை இறக்கிப் பார்த்தால் உணவுக்குழாய் நெடுக வெள்ளைத் திட்டுகள். மங்கை சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். பூஞ்சைதான்.

“அப்ப மாத்திரையில சரியாயிருமா டாக்டரம்மா?” என்றார் அண்ணன்.

“பூஞ்சை போயிரும்ணே. ஆனா எதிர்ப்புச் சக்தி நல்லா இருக்குற உடம்புல இது இம்புட்டுப் பரவாது. காரணத்தப் பாக்கணும்.”

அண்ணனை வெளியே அனுப்பிவிட்டு, மாஸ்டரிடம் தனியாகப் பேசி, சம்மதம் வாங்கி ரத்தம் எடுத்தார். எச்.ஐ.வி. இருந்தது. “இதுக்கும் மருந்து இருக்கு. விடாம சாப்பிட்டா வேலைக்குப் போகலாம், பிள்ளைகள வளக்கலாம்” என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். மாஸ்டர் தலையாட்டினார். பூஞ்சை மாத்திரையில் சில நாட்களிலேயே சோறு இறங்கியது. அதோடு எச்.ஐ.வி. மருந்துக்கு அவர் வரவில்லை. போன் எண்ணையும் மாற்றிவிட்டார். வீட்டுக்கு ஆள் அனுப்பினால் விஷயம் வெளியே தெரிந்துவிடுமே என்று மங்கை தயங்கினார். பல மாதம் கழித்து, காசநோய் முற்றிய நிலையில் மாஸ்டரைத் தூக்கி வந்தார்கள். பிழைக்கவில்லை.

“நானே ஒரு எட்டு போய்ப் பாத்துருக்கலாம் செல்வம்” என்று மங்கை பிறகு என்னிடம் எத்தனையோ முறை சொன்னார்.

போன வருடம் அவருக்கே ரத்தப் புற்றுநோய் வந்தது. கீமோ நடந்துகொண்டிருக்கையில் எச்சில் விழுங்கினாலும் நெஞ்சு எரிந்தது. நான்தான் எண்டோஸ்கோபி பார்த்தேன். அதே வெள்ளைத் திட்டுகள். மருந்து கேட்டது. அடுத்த வாரம் கோரிப்பாளையத்தில் அவர் வீட்டுக்குப் போனபோது இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“தட்டப் பாத்தாலே பயமா இருந்துச்சு செல்வம். இத்தன பேரப் பாத்தோம். எங்க வலிக்குது, எம்புட்டு நாளா வலிக்குதுன்னு கேட்டோம். சாப்பிடப் பயமா இருக்கான்னு ஒருத்தர்ட்டயும் நான் கேக்கலியே” என்றார்.

பூஞ்சை முழுதாகப் போயிற்று. ரத்தத்தில் இருந்த நோய் போகவில்லை.

அந்தக் கேள்வியை நான் எடுத்துக்கொண்டேன். விழுங்க முடியாமல் வருகிறவர்களிடம் இப்போது முதலில் அதைத்தான் கேட்கிறேன். பலருக்குக் கண் கலங்கிவிடுகிறது. இதை மங்கையிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன்.