கிரில் கதவுக்கு நான் போட்ட பூட்டு

ஆசிரியர் பயிற்சிக்கு என்னை ஜவ்வாது மலையில் ஒரு தொடக்கப் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஐந்து வகுப்புக்கும் ஒரே ஆசிரியர். நான் போன பிறகு அவருக்கு வசதியாகிவிட்டது. ஆபீஸ் வேலை என்று சொல்லி, தினமும் பன்னிரண்டு மணி பஸ்ஸில் ஜமுனாமரத்தூர் போய்விடுவார்.

அது புளி உலுக்கும் மாதம். மதியச் சோறு முடிந்ததும் பிள்ளைகள் புளி பொறுக்க ஓடிவிடும். அன்று மதியம் என் பாடத்தைப் பார்த்து மதிப்பெண் போட எங்கள் பயிற்சிக் கல்லூரி விரிவுரையாளர் வருவதாக இருந்தது. பிள்ளைகள் இல்லையென்றால் நான் ஃபெயில். வராந்தாவின் கிரில் கதவைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நானும் உள்ளேயே உட்கார்ந்தேன்.

மூன்று மணியாகியும் அவர் வரவில்லை. போனில் சிக்னலும் இல்லை. மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் அம்மா கூடையோடு வந்து கம்பியைப் பிடித்தாள்.

"இன்னா டீச்சர், ஆட்டப் பட்டியில அடைக்கிற மாதிரி அடைச்சி வச்சிகிறீங்க? மரத்துல ஆளு ஏறிட்டான். பொறுக்க ஆளு வோணும், பொண்ண அனுப்புங்க."

"நாலு மணி வரைக்கும் பள்ளிக்கூடம்மா."

"உங்க பெரிய வாத்தியாரு பன்னண்டுக்கே பஸ் ஏறிட்டாரு. அவர இன்னாத்துக்குப் பூட்டல?"

பிள்ளைகள் சிரித்தன. ஆனாலும் நான் திறக்கவில்லை. அவள் திட்டிக்கொண்டே தனியாகப் போனாள். அந்தப் பிள்ளை நாலு மணி வரை கம்பியைப் பிடித்து அழுதுகொண்டிருந்தது.

விரிவுரையாளர் கடைசிவரை மலை ஏறவே இல்லை. பார்க்காத பாடத்துக்கு மதிப்பெண் போட்டிருந்தார். வகுப்பறைக் கட்டுப்பாடு மிக நன்று என்றும் எழுதியிருந்தார்.