கடைசி வாங்கில் ஓர் அம்மா

இன்று டிசம்பர் ஏழு. எனக்கு எழுபத்தாறு வயதும் இரண்டு மாதமும்.

எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தேவாலயத்துக்கு, ஹட்டனிலிருந்து அநாதை இல்லப் பிள்ளைகளின் பாடற்குழு வந்திருந்தது. சோக முகங்களை எதிர்பார்த்துப் போனேன். அவர்களோ கைதட்டி, குதித்து, கூரைத் தகரம் அதிரக் கர்த்தரைத் துதித்தார்கள். எந்தச் சாமியையும் கும்பிடாத என் கைகளும் தட்டின. நான் தடுக்கவில்லை.

பாட்டின் நடுவே ஒரு சிறுமி, கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்த கொழுந்து பறிக்கும் பெண்ணைப் பார்த்து "அம்மா!" என்று கையசைத்துவிட்டு, இன்னும் உரக்கப் பாடினாள்.

பக்கத்திலிருந்த மேரி முகம் சுளித்தாள்.

"என்னாங்க டீச்சர், அநாதைப் புள்ளைகன்னாங்க, இதுக்கு அம்மா இருக்காங்களே!"

"அப்பா இல்லாத புள்ளையா இருக்கும். அம்மா இருந்தா பாடக் கூடாதா?"

"அதுக்கு நீங்க ஏன் அழுவுறீங்க?"

"வாய மூடிக்கிட்டுக் கையத் தட்டு."

இந்தப் பதிவுக்குக் கீழே யாரும் அழுகை முகங்களைப் போட வேண்டாம். அறுபத்தேழு வருடமாகச் சொல்லாததைச் சொல்லிவிடுகிறேன்.

தாயில்லாத நானும் ஒன்பது வயதில் அப்படியோர் இல்லத்தின் குழுவில் பாடினேன். எங்கள் தோட்டத்துக்கே பாட வந்த நாளில், வேலை உடுப்போடு ஓடிவந்த அப்பா கதவடியில் நின்று கையசைத்தார். தோழிகளுக்கு முன்னால் வெட்கப்பட்டு, அவரை யாரென்றே தெரியாதவள்போல் பாடி முடித்தேன்.